பாம்புப் புத்தகமும் கெசியாவின் அம்மாவும்

பள்ளி நூலகத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எத்தனை அலமாரி, எத்தனை புத்தகம், கம்ப்யூட்டர் உண்டா என்றுதான் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். அதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். ஒரு நாள் ஒரு தாய் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "என் பிள்ளைக்கு என்னத்தக் குடுத்தீங்க?" என்று கேட்பாள். அப்போது என்ன செய்வது என்று நம் படிப்பில் எங்கும் சொல்லித் தரவில்லை. அதனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற ஆள் இல்லை. திருவனந்தபுரத்தில் திருச்சபை நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தின் நூலகத்தில் என் முதல் வேலை. இப்போது அதே ஊரில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். சம்பளம் கூடுதல், அறைக்கு ஏசி உண்டு, பிள்ளைகள் பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனாலும் ஜூன் மாத மழை தொடங்கிவிட்டால் மனம் அந்தப் பழைய அறைக்கே ஓடிவிடுகிறது. ஈர சாக்ஸ் நாற்றம், தலையில் தேங்காய் எண்ணெய் வாசம், மழையில் ஊதிப்போய்த் திறக்க மறுக்கும் மர அலமாரி, அதை மூன்று பிள்ளைகள் சேர்ந்து இழுக்கும்போது வரும் சிரிப்பு. லைப்ரரி பீரியட் மணி அடித்தால் படிக்கட்டே அதிரும்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு இங்கே வந்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் சுவர் பூசப் போனவர்கள் உண்டு. படிக்கப் போன முதல் ஆள் நான். நூலக வாசலில் என் பெயரும் பட்டமும் எழுதிய பலகை வைத்த வாரம், அதைப் பார்க்கவே அப்பா வந்தார். வாசிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எழுத்து நேரா இருக்கு" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

இனி பாம்புப் புத்தகம்.

அது மலையாளத்தில் மொழிபெயர்த்து வந்த ஒரு மாயக்கதை. தடித்த புத்தகம். அட்டையில் ஒரு சிறுமி, அவள் கையைச் சுற்றிப் பச்சைப் பாம்பு. சதுப்பு நிலத்து ஊரொன்றில் தண்ணீர் வற்றிப்போகிறது. பாம்பு அந்தச் சிறுமிக்குத் தண்ணீரின் பாஷையைக் கற்றுக்கொடுக்கிறது. அந்தப் பாஷையில் அவள் ஒவ்வொரு மந்திரச் சொல் சொல்லும்போதும், தனக்குப் பிரியமான ஒருவரின் முகம் அவளுக்கு மறந்துபோகும். இதுதான் கதை. வந்த மாதமே பிள்ளைகள் அதற்குப் "பாம்புப் புத்தகம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதலில் சில பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் பாம்பும் மந்திரமுமா என்று. எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே மாதிரி நினைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளியின் மேனேஜர் ஃபாதர் அந்தப் புத்தகத்தை இரண்டே நாளில் படித்துவிட்டு, "இதன் ரெண்டாம் பாகம் உண்டோ?" என்று கேட்டவர். தலைமையாசிரியை சிஸ்டருக்குக் கதையில் குறை இல்லை, அமைதி கெடக் கூடாது என்பதுதான் கவலை. "மோளே, படம் ஒண்ணு மறைச்சா மதி. வெறுதே எந்தினா பிரச்னம்?" என்றார் மலையாளத்தில். மகளே, படத்தை மறைத்தால் போதும், வீணாகப் பிரச்சினை எதற்கு என்று அர்த்தம்.

நானும் சரி என்று பிரவுன் பேப்பரால் அட்டை போட்டேன். அழகாக மடித்து, ஓரம் ஒட்டி, முதுகில் பெயர்கூட எழுதாமல்.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான்: எந்தப் புத்தகத்தையும் மூடி வைக்காதீர்கள். அலமாரி முழுக்கப் பளபளக்கும் அட்டைகளுக்கு நடுவில் முகம் மூடிய புத்தகம் ஒன்றே ஒன்று. அடுத்த வாரமே வரிசை நின்றது. "டீச்சர், அந்த அட்டை போட்ட புக்கு இருக்கா?" அதுவரை தமிழ்ப் படக்கதை தவிர எதையும் தொடாத பிள்ளைகள்கூடக் கேட்டார்கள். அப்படிக் கேட்டு எடுத்தவள்தான் கெசியா. ஆறாம் வகுப்பு. பேசுவது குறைவு. மற்ற பிள்ளைகள் வாயை அசைத்து வாசிக்கும் பக்கத்தை அவள் கண்ணாலேயே விழுங்கிவிடுவாள்.

அவளுடைய அம்மா எஸ்தர் அக்கா தம்பானூர்ப் பக்கம் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தாள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். நான் வளர்ந்தது போன்ற ஒரு சிறிய ஜெப சபைக்குப் போகிறவள். தகரக் கூரை, தரையில் பாய், ஒலிபெருக்கி, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அந்தச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. சபைக்கு வருவதற்கு முந்தைய வாழ்க்கையின் பொருள் எதுவானாலும், தாயத்தோ மந்திரித்த கயிறோ, அதைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் எரித்துவிட்டு, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நான் அந்தத் தீயைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எரித்துவிட்டுத் திரும்பும் பெண்களின் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். அதைப் பார்த்தவள் என்பதால் என்னால் அந்த வழக்கத்தைக் கேலி செய்ய முடியாது.

அந்தச் சமயத்தில் வாட்சப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றியது. யாரோ ஒருவர், மாயக்கதைப் புத்தகம் வழியாக அசுத்த ஆவி வீட்டுக்குள் வரும், பிள்ளைகள் ராத்திரி அலறும் என்று உருக்கமாகப் பேசியிருந்தார். எஸ்தர் அக்கா அதைக் கேட்ட அன்று கெசியாவின் பையைத் திறந்து பார்த்திருக்கிறாள். உள்ளே முகம் மூடிய ஒரு புத்தகம். பேப்பரைக் கிழித்தால் பாம்பு.

மறுநாள் காலையில் ஹோட்டல் சேலையோடு, மகளையும் கூட்டிக்கொண்டு, நூலகத்துக்கே வந்துவிட்டாள்.

"டீச்சர், நல்ல புக்குன்னா எதுக்கு மூடி வச்சீங்க?"

நான் எழுந்தேன். அவளே தொடர்ந்தாள்.

"இவகிட்ட இருந்து நேத்தே எடுத்து வச்சுட்டேன். நேத்து ராத்திரி பூரா இவ தூங்கல. ரெண்டு தரம் அலறுனா. பாஸ்டர் வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க, எரிச்சிருவோம்னு சொல்லுதாரு. ஆனா அது ஸ்கூல் சாமான் அல்லே? கேக்காம எரிச்சா அது திருட்டு. அதான் கேக்க வந்தேன்."

"இப்ப புக்கு எங்க அக்கா?"

"வீட்டுக்கு வெளிய. வாளியக் கவுத்தி, மேல ஒரு கல்ல வச்சிருக்கேன்."

"கையோட கொண்டு வந்திருக்கலாமே."

"பஸ்ல எப்படிக் கொண்டு வர? பஸ் நெறைய ஆளு இருக்காங்க. அவங்களுக்கு எதும் ஆயிட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பஸ்ஸில் வருகிற முன்பின் தெரியாதவர்களைப் பற்றியும் கவலைப்படுகிற ஒருத்தி, தன் மகளுக்காக எவ்வளவு பயந்திருப்பாள். அவளுடைய இன்னொரு கோரிக்கையும் வந்தது. இனி கெசியா லைப்ரரி பக்கமே வரக் கூடாது. அந்த பீரியடில் அவளை வகுப்பிலேயே உட்கார வைக்க வேண்டும்.

கெசியா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  அவர்கள் வீட்டில் புத்தகம் என்று இருந்தது ஒரு பைபிள். அந்தப் பிள்ளைக்கு வேறு புத்தகம் கிடைக்கக்கூடிய ஒரே இடம் இந்த அறைதான். அவள் வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. கதவு மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

சத்தம் கேட்டு சிஸ்டர் வந்தார். அவர் பின்னால் ஃபாதரும் வந்தார். ஃபாதர் கொஞ்ச காலம் நாகர்கோவில் பக்கம் இருந்தவர், தமிழ் பேசுவதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சேச்சி, பாம்புன்னா உடனே பிசாசா? மோசே வனாந்தரத்துல வெண்கலப் பாம்பை உயர்த்தினப்போ, அதை நோக்கினவங்க எல்லாம் பிழைச்சாங்க அல்லே?"

எனக்கும் அதே வசனம் நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் அந்தப் பாயில் உட்கார்ந்து வளர்ந்தவள் ஆதலால், அடுத்து என்ன வரும் என்றும் தெரிந்திருந்தது. அது வந்தது.

"பிழைச்சாங்க ஃபாதர். பெறவு ஜனங்க அதுக்கே தூபம் காட்ட ஆரம்பிச்சப்ப, எசேக்கியா ராஜா அத உடைச்சுப் போட்டாரே."

"ஆரோனோட கோலும் பாம்பா ஆச்சு அல்லே? மந்திரவாதிகளோட பாம்பையெல்லாம் விழுங்கிச்சு அல்லே?"

"அது கர்த்தர் சொல்லி ஆன பாம்பு. இந்தப் பாம்புக்கு யாரு சொன்னா?"

ஃபாதர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எஸ்தர் அக்காவுக்கும் லேசாகச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கும் அந்த ஆட்டம் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். இன்னும் இரண்டு மூன்று வசனங்கள் போய் வந்தன. யாரும் தோற்கவில்லை. கெசியா மட்டும் அதே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வசனத்துக்கு வசனம் வைத்தால் பெரியவர்களுக்குப் பொழுது நன்றாகப் போகும், பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது.

சிஸ்டருக்குப் பொறுமை போயிற்று. "மதி. அந்த மாதிரி புக்கு எல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூம்ல வைக்கலாம். இந்த மோளை வேற பீரியடுக்கு மாத்தலாம். தீர்ந்துச்சு இல்லே?" என்று என்னைப் பார்த்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குள் ஒரு பிரசங்கம் தயாராக இருந்தது. கற்பனையின் அவசியம், வாசிப்புச் சுதந்திரம், படித்தவள் பேசுகிற எல்லாம். பேசியிருந்தால் நன்றாகவே பேசியிருப்பேன். ஆனால் அது எஸ்தர் அக்காவை ஊமையாக்குவதற்கான பேச்சு. அப்படி வாயடைத்துப்போய் வீடு திரும்பும் தாய் அடுத்து என்ன செய்வாள்? வாளியைத் தூக்கிப் புத்தகத்தை எரிப்பாள். அல்லது மகளைப் பள்ளிக்கூடமே மாற்றுவாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளையிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"கெசியா, நீ எதுவரைக்கும் வாசிச்ச?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கிணத்துல இறங்குற வரைக்கும் டீச்சர். ஊர்க்காரங்க கயித்த எடுத்துட்டு, கல்ல வச்சு மூடிட்டாங்க. அதோட மூடிப் பையில வச்சேன், அம்மா எடுத்துட்டா."

"ராத்திரி என்ன கனவு வந்துச்சு?"

"அதே கிணறுதான். அவ உள்ள இருக்கா. நான் மேல நிக்கேன். கல்லத் தள்ளுதேன், நகர மாட்டேங்கு." குரல் இறங்கிவிட்டது. "அவ வெளிய வந்தாளா டீச்சர்?"



எஸ்தர் அக்கா மகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, இத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னும் ஜெபிப்பீங்க."

ஃபாதர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

நான் எஸ்தர் அக்காவிடம் கேட்டேன். "அக்கா, புக்கு வாளிக்கடியிலேயே இருக்கட்டும். அந்தக் கதையோட முடிவ மட்டும் நான் வாயால சொல்லட்டுமா? உங்க முன்னாலயே சொல்லுதேன். பிடிக்கலன்னா நிறுத்துங்கன்னு சொல்லுங்க, அந்த இடத்துலயே நிறுத்திருவேன்."

 அவள் மகளின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. ஆனா முதல்ல ஜெபிச்சுக்கிடணும்."

எல்லோரும் தலை குனிந்தோம். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். எஸ்தர் அக்கா கெசியாவின் தலையில் கை வைத்து, கண்ணை இறுக மூடி, பிள்ளையைச் சுற்றி வேலியடைக்கச் சொல்லி ஆண்டவரிடம் கேட்டாள். முடிக்கும்போது, "டீச்சர் வாயையும் காத்துக்கிடும் இயேசப்பா" என்றாள். ஆமென் எல்லோருமாகச் சொன்னோம். ஃபாதரின் ஆமென்தான் பலமாக இருந்தது.

பிறகு நான் சொன்னேன். தமிழில் சொன்னேன். எங்கள் சபையில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் குறைவு. அதனால் சின்ன வயதிலிருந்தே பைபிளை எல்லோருக்கும் உரக்க வாசிக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. யோனா மீன் வயிற்றுக்குள் போகும் இடத்தில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே வேகமாகப் போக வேண்டும் என்று அந்தப் பாயில் இருந்த பெண்களின் முகத்தைப் பார்த்துக் கற்றவள் நான். அந்தக் குரலில்தான் இதையும் சொன்னேன்.

கிணற்றுக்குள் இருட்டு. சிறுமிக்கு எல்லா முகமும் மறந்துவிட்டது, அம்மாவின் முகம் ஒன்றைத் தவிர. கல்லைத் திறக்க இன்னும் ஒரே ஒரு சொல் போதும். சொன்னால் தண்ணீர் பொங்கி அவளைத் தூக்கிவிடும், ஊருக்கும் தண்ணீர் கிடைக்கும். ஆனால் அந்த முகமும் போய்விடும். மேலே, ஊர்க்காரர்கள் எல்லோரும் போன பிறகும், ஒருத்தி மட்டும் அந்தக் கல்லின் மேல் காதை வைத்துக்கொண்டு அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"அம்மைக்காரியா?" என்றாள் எஸ்தர் அக்கா.

"ஆமா அக்கா."

"பெறவு?"

சிறுமி அந்தச் சொல்லைச் சொல்கிறாள். தண்ணீர் வருகிறது. கல் புரளுகிறது. வெளியே வந்தவளின் கையை ஒரு பெண் ஓடிவந்து பிடிக்கிறாள். சிறுமி அவளைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்கிறாள். அந்தப் பெண் தன் முந்தானையால் அவள் தலையைத் துவட்டியபடி, "உனக்குத் தெரியலன்னா பரவாயில்ல. எனக்கு உன்னத் தெரியும். வா, வீட்டுக்குப் போகலாம்" என்கிறாள்.

அவ்வளவுதான் கதை. கெசியா பெருமூச்சு விட்டாள். பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர்கள் விடுவது போன்ற மூச்சு. சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எஸ்தர் அக்கா கேட்டாள். "பாம்பு என்னாச்சு?"

"தண்ணியோட போயிட்டு."

"அது எனக்குப் பிடிக்கல டீச்சர். அம்மைக்காரி நல்லவ. பாம்பு வேண்டாம்." பிறகு, "அந்த ஊர்க்காரங்கதான் பிசாசுங்க" என்றாள்.

சிஸ்டர் மெதுவாக, "அப்ப அலமாரி?" என்று கேட்டார்.

"மத்த பிள்ளைங்களுக்கு அவங்க அம்மா இருக்காங்க சிஸ்டர். எம்பிள்ளைக்கு நான் சொல்லுதேன்." மகளின் பின்னலைச் சரி செய்துகொண்டே சொன்னாள். "இவ வரட்டும். ஆனா ஒண்ணு. பாதியில நிக்கிற கதை வீட்டுக்குள்ள வேண்டாம். எந்தப் புக்க எடுத்தாலும் எப்படி முடியுதுன்னு எங்கிட்ட முதல்ல சொல்லணும். எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா. முடிவு நல்லதுன்னா எடுத்துக்கிடட்டும்."

மறுநாள் காலை பாம்புப் புத்தகம் திரும்பி வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல பிளாஸ்டிக் பைகளுக்குள். எஸ்தர் அக்காவின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. பஸ்ஸில் ஏற்றாமல் மழையில் நடந்தே கொண்டுவந்திருந்தாள்.

"தூங்குனா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் சபையில் சாட்சி சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பிள்ளைக்கு நல்ல தூக்கம் கிடைத்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று. "எப்படின்னு பாஸ்டர் கேக்கல, நானும் சொல்லல" என்றாள் என்னிடம். தன் ஜெபம் கேட்கப்பட்டது என்றே அவள் நம்பினாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அந்த அறையில் ஜெபமும் நடந்தது, கதையும் நடந்தது. எது வேலை செய்தது என்று தீர்ப்புச் சொல்வது நூலகரின் வேலை இல்லை. நம் வேலை, பிள்ளை எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று கேட்பது. அதற்கு அலமாரியில் இருக்கும் புத்தகங்களை நாம் வாசித்திருக்க வேண்டும். அன்று அந்த முடிவு எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால், என் பட்டத்தால் அந்தக் கல்லை நகர்த்தியிருக்க முடியாது.

பிரவுன் பேப்பரை மறுபடி ஒட்டவில்லை. பாம்பு அலமாரியில் வெளிச்சமாக இருந்தது. வரிசை குறைந்தது.

அதன் பிறகு கெசியா எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பாள். அலமாரிக்கு முன்னால் நின்றபடியே வாசிப்பாள். நல்லபடியாக முடிந்தால் தலையாட்டிக்கொண்டு பைக்குள் வைப்பாள். முடிவு தெரிந்தால் கதையில் என்ன ருசி என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவள் காதில் வாங்கமாட்டாள். தினமும் சாயங்காலம் ஹோட்டலிலிருந்து வந்து காலைக் கழுவியதும் அம்மா, "எங்கன வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்பாளாம்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பிய வாரம். வெளியே மழை. கெசியா எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள், என் தோள் வரை வளர்ந்திருந்தாள். ஒரு பெரிய யுத்தக் கதையின் கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டு அப்படியே நின்றாள்.

"என்னம்மா?"

"இது சரியில்ல டீச்சர். எல்லாரும் செத்துப்போறாங்க."

"அப்ப வேண்டாம், வச்சிரு."

அவள் வைக்கவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பி நாலு வரி வாசித்தாள். இன்னும் நாலு வரி.

"வச்சிரலாம்" என்றாள். ஆனால் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "அம்மாகிட்ட எங்க இருந்து ஆரம்பிச்சுச் சொன்னா வாசிக்க விடுவாளோன்னு யோசிக்கேன்" என்றபடியே அதைப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.